நாற்காலி நாள்

பனி இன்னும் விலகாத அந்த மைதானத்தில் அறுபத்தொரு வீடுகள் இருந்தன. ஒன்றுக்கும் சுவர் கிடையாது, கூரை கிடையாது. ஈரத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட வெள்ளைக் கோடுகள்தான் வீடுகள். கோடு விட்டுப்போன பெரிய இடைவெளி வாசல், சின்ன இடைவெளி ஜன்னல். டேப்பக்கா ஒவ்வொரு வாசலாக நுழைந்து, ஒவ்வொரு அறையாக நடந்து, ஒரு கோட்டையும் மிதிக்காமல் வெளியே வந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு யாரோ ஒரு அம்மாள் தூக்கத்தில் நடக்கிறாள் என்றுதான் தோன்றியிருக்கும்.

அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் பயன்படுகிறது. இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கியதால் கொத்தனார்கள் முதுகுக்குப் பின்னால் டேப்பக்கா என்றார்கள். அவள் கோபித்துக்கொள்ளாமல் இருக்கவே, முகத்துக்கு நேராகவும் சொல்ல ஆரம்பித்தார்கள். இப்போது மாமனார் வீட்டில்கூட அதுதான் பேர்.

அவளும் அண்ணனும் இருபத்தெட்டு வருஷமாகச் சின்ன வீடுகள் கட்டி விற்பவர்கள். இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். மாதச் சம்பளக்காரன் மூச்சுத் திணறாமல் வாங்கக்கூடிய வீடு. தொள்ளாயிரம் கட்டியிருக்கிறார்கள், எல்லாமே அண்ணன் வரைந்த ஒரே வரைபடம். நிழல் வீடு என்று அதற்கு அவரே பேர் வைத்திருந்தார். அவர்கள் ஊரில் வெயில் என்பது வேண்டாத சொந்தக்காரன்; கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், உள்ளே வந்து சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிடுவான். அதனால் வெயில் சாயும் பக்கத்தில் குளியலறையும் சாமான் அறையும் வைத்து, ஜன்னலே இல்லாத ஒரு மொட்டைச் சுவரை எழுப்பிவிடுவார் அண்ணன். எதிர்ப்பக்கத்தில்தான் ஹால், படுக்கையறை, பெரிய ஜன்னல்கள் எல்லாம். நடுப்பகலில் அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சைக் கேட்பதற்காகவே அண்ணன் புதுவீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

பிறகு சொந்த ஊரில் மனை விலை எகிறி, சின்ன வீடு என்பதே கட்டுப்படியாகாத சமாச்சாரம் ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கடல் தாண்டி இந்த நாட்டிலிருந்து ஒரு கட்டடக்காரர் தேடி வந்தார். எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்காகப் பத்து வருஷம் வரிசையில் நிற்கிறார்கள், நகராட்சி நிலம் தருகிறது, முதல் போட ஆள்தான் இல்லை என்றார். பாதி அவர், பாதி இவர்கள் என்று பேச்சாகி அவர் கூட்டாளி ஆனார். இவர்களுடைய பாதிக்காக அண்ணன் தான் குடியிருந்த நிழல் வீட்டை, தொள்ளாயிரத்தில் முதல் வீட்டை, விற்றுவிட்டு வாடகைக்குப் போனார். "ஒரு வீடு போனா அறுபது வீடு வருது, போட்டுப் பாரு கணக்கை" என்று சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. போன கோடையில் இரண்டு பேரும் நிலம் பார்க்க வந்தபோது, முதல் நாளே மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரை நின்றார். "பாத்தியா பாப்பா, நம்ம ஊருக்கு நேர் எதிரா இங்க சூரியன் வடக்கால சாஞ்சு போகுது" என்றார். ஐம்பது தாண்டிய தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். அன்றைக்கே வரைபடத்தை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு, குளியலறையையும் மொட்டைச் சுவரையும் வடக்கே கொண்டுவந்தார். அசலூர்க்காரன் வேறு எவனாக இருந்தாலும் கோட்டை விட்டிருப்பான் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கூட்டாளி மூக்கின்மேல் விரலை வைத்தார்.

இந்தத் தடவை அவள் தனியாக வந்திருந்தாள். அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை. கட்டுப் பிரித்தாயிற்று, எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று போன வாரம் போனில் சொன்னார். மைதானத்துப் படங்களை அனுப்பினால் மட்டும் பதிலே இல்லை. "இந்தப் பழைய போன்ல படம் தெறக்க மாட்டேங்குது, நீ வாயால சொல்லு" என்றார். அவளும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று நாற்காலி நாள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அண்ணன் வைக்கும் நாள் இது. வீடு பதிந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாற்காலி கொண்டுவர வேண்டும். தங்கள் கோட்டு வீட்டுக்குள் போய், எங்கே உட்காரத் தோன்றுகிறதோ அங்கே போட்டு உட்கார வேண்டும். அறைகளின் பேரைத் தரையில் எழுதக் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பு. "எழுதினா எல்லாரும் மரியாதையா ஹால்ல போட்டுட்டுப் போயிடுவாங்க. எழுதாம விடு, உடம்பு எங்க போகுதுன்னு பாரு" என்பார். நாற்காலி விழுந்த இடத்தை வைத்து ஜன்னலை ஒரு சாண் தள்ளுவார், கதவை இந்தப் பக்கம் திறக்கிறதை அந்தப் பக்கம் மாற்றுவார். தொள்ளாயிரம் வீட்டிலும் நாற்காலி விழுந்தது நிழல் பக்கம்தான்.

டேப்பக்காவின் கண்டிப்பு வேறு. கோட்டை யாரும் மிதிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. ஒரு தடவை பார்வையிட வந்த பேங்க் மேனேஜரையே, "என்ன சார், சுவர் மேல நடக்கறீங்க, உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டாள். மனுஷன் அன்றைக்கு முழுக்க நொண்டியடித்தார்.

ஒன்பது மணிக்குப் பனிக்குள்ளிருந்து நாற்காலிகள் வர ஆரம்பித்தன. முதலில் நாற்காலி தெரியும், அப்புறம்தான் அதைத் தூக்கிவரும் ஆள் தெரிவார். தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர். சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர். கணவனும் மனைவியுமாக ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துச் சாய்வு நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். தூங்குகிற ஆளைத் தூக்கி வருவதுபோல அவ்வளவு மெதுவாக வந்தார்கள். ஒருத்தரும் சத்தம் போடவில்லை. வாசல் இடைவெளியில் நின்று காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இல்லாத கதவை ஒருவர் தள்ளித் திறந்தார். பின்னால் வந்தவர் அதை மூடிவிட்டு வந்தார். டேப்பக்கா மூன்று ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாற்காலி நாள் பார்த்தவள்தான், ஆனாலும் இன்று தன் கால் தரையில் படுகிறதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பதினோரு மணி வாக்கில் பனி விலகி வெயில் வந்தது. எண்ணிக் குறித்துக்கொள்வதற்காக அவள் ஜல்லி ஏற்றி வந்த லாரியின் மேல் ஏறினாள். துபாசியும் மூச்சு வாங்க ஏறினார். இந்த ஊரில் இருபது வருஷமாகச் சலவைக் கடை வைத்திருக்கும் தமிழர் அவர். பேச்சுக்குப் பேச்சு மொழிமாற்றிச் சொல்லக் கூட்டாளி அமர்த்திய ஆள். எதிராளி ஐந்து நிமிஷம் பேசினால் இவர் இரண்டு வார்த்தையில் முடிப்பார், இரண்டு வார்த்தை பேசினால் ஐந்து நிமிஷம் இழுப்பார். அதனால் அவள் வைத்த பேர்தான் துபாசி.

"அக்கா" என்றார் துபாசி. அவளைவிட ஆறு வயது பெரியவர். ஊரே அக்கா என்பதால் அவருக்கும் அக்கா. "நான் பாக்கறதைத்தான் நீங்களும் பாக்கறீங்களா?"

"என்ன பாக்கறீங்க?"

"ஜனங்க எல்லாரும் பாத்ரூம்ல உக்காந்திருக்காங்க."

வரிசை வரிசையாக அறுபது வீடு, அறுபது நாற்காலி. ஒரே ஒரு நாற்காலிதான் ஹாலில் இருந்தது. மற்ற ஐம்பத்தொன்பதும் குளியலறையிலும் அதை ஒட்டிய சாமான் அறையிலும் இருந்தன. எல்லாமே வடக்கே பார்த்திருந்தன. அவற்றில் உட்கார்ந்தவர்கள் முகத்தை லேசாக மேலே தூக்கி, கண்களை மூடியிருந்தார்கள். அறுபத்தொன்றாவது மனை மட்டும் காலி. மூலையில் கோணலாக வெட்டுப்பட்ட மனை அது. யாருக்கும் வேண்டாம் என்று கிடந்தது.

அவள் லாரியிலிருந்து இறங்கி டேப்பை உருவினாள். கோட்டைத்தான் ஆட்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். மூன்று வீட்டை அளந்தாள். ஓர் அங்குலம் பிசகில்லை. பிறகு பதினேழாம் எண் வீட்டுக்குப் போனாள். அங்கே நீலச் சீருடையில் ஓர் அம்மாள், மடக்கு நாற்காலியில் குளியலறை நடுவே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். விடியற்காலை வண்டியை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார்.

"இது என்ன ரூம்னு அவங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க."

துபாசி கேட்டார். பஸ் டிரைவரம்மா கோடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"ரூம் பேர் தெரியாதாம். உக்கார்ற ரூமாத்தான் இருக்கணும், வெயில் இங்கதானே வருதுங்கறாங்க."

"வெயில் வந்தா?"

துபாசி மொழிபெயர்க்கவே இல்லை. "அக்கா, இதை நான் அவங்ககிட்ட கேட்டா சிரிப்பாங்க. இங்க குளிர் எட்டு மாசம். நீங்க வந்தது கோடையில, பதினஞ்சு நாள். குளிர்ல வெயில் தாழ்வா வரும், வடக்குலேர்ந்து மட்டும்தான் வரும். என் கடையிலயே வெயில் விழற அந்த ஒரு மூலைக்கு எனக்கும் என் சம்சாரத்துக்கும் தினம் சண்டை."

"இதை ஏன் போன வருஷமே சொல்லல?"

"நீங்க கேக்கலையே! நெழல் நெழல்னு உங்க அண்ணன் அவ்வளவு சந்தோஷமா சொன்னாரு. பெரிய மனுஷன், ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் துபாசியைச் சலவைக்குப் போட்டிருப்பாள். ஆனால் ஆத்திரம் அவர்மேல் இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அண்ணன் எதையும் கவனிக்காமல் விடவில்லை. வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று நாள் முழுக்க நின்று பார்த்தார். பார்த்து, கச்சிதமாக அந்தப் பக்கம் சுவர் வைத்தார்.

பஸ் டிரைவரம்மா எழுந்து கோட்டருகே போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜன்னல் எங்கன்னு கேக்கறாங்க" என்றார் துபாசி.

டேப்பக்கா இடைவெளியே இல்லாத அந்தக் கோட்டைப் பார்த்தாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, நாமே போட்டுக்கொள்வோம் என்பதுபோல, பூட்ஸ் காலால் சுண்ணாம்புக் கோட்டை நாலு அடிக்குத் தேய்த்து அழித்தார். திறந்தது ஜன்னல். திரும்ப வந்து உட்கார்ந்து மிச்ச ரொட்டியைத் தின்றார். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், எழுந்துபோய் அவரும் தேய்த்தார். அப்புறம் அதற்கடுத்த வீடு. மைதானம் முழுக்க ஆட்கள் எழுந்து நின்று, அவசரமே இல்லாமல், ஒற்றைக் காலால் கோட்டை அழித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூள் வெயிலில் மெல்ல எழும்பி நின்றது. டேப்பக்கா ஒரு வார்த்தை அதட்டவில்லை.

மதியம் கூட்டாளி வந்தார். கழுத்தில் சால்வை சுற்றிய நெட்டை மனிதர். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் வந்து, அந்த ஒரு நிமிஷத்தைக் காருக்குள் உட்கார்ந்து கழிப்பவர். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அழிந்த கோடுகளைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை கான்கிரீட் வருது" என்று துபாசி அவர் பேச்சைத் தமிழில் சொன்னார். "வடக்கே மொட்டைச் சுவர்னு படத்துல பாத்தப்பவே இவருக்கு நெருடுச்சாம். தொள்ளாயிரம் வீடு கட்டினவருக்குத் தெரியாததான்னு விட்டுட்டாராம். இப்ப திருப்பணும்னா தெரு சந்தாகணும், சந்து தெருவாகணும், சாக்கடைக் குழாய் எல்லாம் அந்தப் பக்கம் போகணும். நகராட்சியில திரும்பக் கையெழுத்து வாங்க ரெண்டு மாசம். அது வரைக்கும் நம்ம ரெண்டு பேர் முதலும் இந்த மண்ணுல சும்மா கெடக்கும். நகராட்சி மனசு மாறி நிலத்தையே கேட்டாலும் கேட்கும். வீடு பதிஞ்ச இவங்களும் ரெண்டு மாசம் கூடுதலா வாடகை வீட்ல இருக்கணும். இப்ப இருக்கிற எடத்துல பாதிப் பேருக்குக் கதவே ஒழுங்கா இல்ல. வெயில் வராட்டி என்ன, வீடு வீடுதானே, அப்படிங்கறாரு. முடிவு உங்க கையில. படம் உங்க அண்ணன் பேர்ல இருக்கு, அவர் சொன்னா நிறுத்தறேன், நாலு மணிக்குள்ள சொல்லிடுங்கன்னாரு."

அவர் சொன்னதில் ஒன்றையும் தப்பென்று தள்ள முடியவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. திங்கட்கிழமை கான்கிரீட் விழுந்தால் இந்த அறுபது குடும்பமும் ஆயுசுக்கும் குளியலறையில்தான் வெயில் காய வேண்டும், அங்கேயும் ஜன்னல் இல்லை. நிறுத்தினால் அண்ணனின் வீட்டை விற்ற முதல் என்ன ஆகுமோ தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணில் கத்தி வைத்துப் படுத்து எழுந்த மனிதரிடம், உங்கள் ஆயுசின் ஒரே பெருமை இங்கே பிழையாகப் போயிற்று என்று சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன பெரிய மறுப்பு, ஒரு கதவுக்குப் பச்சைச் சாயம் வேண்டாம் என்பதுதான்.

ஹாலில் முப்பது, பாத்ரூமில் முப்பது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பஸ் டிரைவரம்மா அவள் நிற்பதைப் பார்த்து, எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். வேண்டாம் என்று தலையாட்டினால் விடவில்லை. தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். டேப்பக்கா வெயிலைப் பார்த்து உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து வெயிலுக்கு முதுகு காட்டியே வளர்ந்தவள். முதலில் கையை நெற்றிக்குக் குடை பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே மடியில் இறங்கியது. கன்னத்தில் பட்ட வெயில் சுடவில்லை. யாரோ வந்து உள்ளங்கையால் முகத்தைத் தாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அவளுக்குக் கண் சொருகியது.

கோடுகள் எழும்பின. முழங்கால் வரை, இடுப்பு வரை, தலைக்கு மேல் என்று வெள்ளைச் சுவர்கள் சத்தமில்லாமல் வளர்ந்து அறுபத்தொரு வீடாயின. கையில் நாற்காலியுடன் அண்ணன் ஒரு வீட்டுக்குள் போனார், வெளியே வந்தார், அடுத்த வீட்டுக்குள் போனார். ஒவ்வொன்றும் அவருடைய நிழல் வீடு. ஒவ்வொன்றிலும் ஹால் குளுகுளுவென்று இருண்டிருந்தது. ஆனால் அவர் எங்கேயும் நாற்காலியைக் கீழே வைக்கவில்லை. பெருமூச்சும் கேட்கவில்லை. "என்னண்ணே தேடறீங்க?" என்று அவள் பின்னாலேயே போனாள். அவர் சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனாரே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை.

விழித்தபோது மணி மூன்றரை. நாற்காலிக்காரர்கள் பலர் போய்விட்டிருந்தார்கள். பஸ் டிரைவரம்மா மட்டும் சாமான் அறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவள் எழுந்திருக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். டேப்பக்கா துபாசியைக் கூப்பிட்டாள்.

"வீடு தப்பாத் திரும்பியிருக்கு. சரியாத் திருப்ப ரெண்டு மாசம் ஆகும். காத்திருக்க முடியுமான்னு கேளுங்க. ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம கேளுங்க."

அந்த அம்மாள் சீருடைச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே பதில் சொன்னார். துபாசி அதிசயமாக அதை அப்படியே தமிழில் சொன்னார். "நான் ஒரு தடவை வண்டியைத் தப்பான ரோட்டுல விட்டுட்டேன். நாப்பது பேர் உள்ள. திருப்பறதுக்கு அரை மணி ஆச்சு. எல்லாரும் திட்டினாங்க. ஆனா அதே ரோட்டுல போய்க்கிட்டே இருன்னு ஒருத்தரும் சொல்லல."

டேப்பக்கா அண்ணனுக்குப் போன் போட்டாள். அங்கே காலை நேரம்.

"சொல்லு பாப்பா. ஹால்ல எத்தனை விழுந்துது?"

"ஒண்ணுண்ணே. ராத்திரி வேலைக்குப் போற நர்ஸ், பகல்ல தூங்கற ஆள்."

"மீதி?"

"பாத்ரூம்லயும் சாமான் ரூம்லயும்."

"கோட்டை மாத்திப் போட்டுட்டியா?"

"மூணு வீடு அளந்துட்டேன்."

"பின்ன என்ன, எல்லாருக்கும் ஒரே நாள்ல வயித்தால போகுதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிட்டாள். "அவங்களுக்கு வெயில் வேணும்ணே. எட்டு மாசம் குளிராம். நாம அந்தப் பக்கமாப் பாத்து சுவத்தை வெச்சிருக்கோம். ஜன்னல் எங்கன்னு ஒரு அம்மா கேட்டாங்க, என்கிட்ட பதில் இல்ல. நிறுத்தணும்னு தோணுது. கூட்டாளி உங்க வார்த்தைக்கு நிக்கறாரு." சொன்ன கையோடு அவளே பயந்துபோய் அவசரமாகச் சேர்த்தாள்: "நீங்க மொதல்ல வரைஞ்சதே இங்க சரியா வரும்ணே. ஆபீஸ்ல மாட்டியிருக்கே, அதே படம். திருப்பினதைத் திரும்பத் திருப்பினாப் போதும்."

"தேன் தடவாத. தப்பு தப்புதான்" என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. பிறகு, "நான் இப்ப எங்க உக்காந்திருக்கேன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

"எங்க?"

"இந்த வாடகை வீட்ல கெழக்கால ஒரு ஜன்னல் இருக்குல்ல, காலைல ஆளை வறுத்து எடுக்குமே, கட்டினவன் எவன்டான்னு நான் திட்டினேனே. அங்க நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்கேன்."

"வெயில்லயா? நீங்களா?"

"கட்டுப் பிரிச்ச அன்னிலேர்ந்து. கண்ணு வரல பாப்பா. இதுக்கு மேல வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெயில் நேரா மூஞ்சில விழுந்தா மட்டும் உள்ள ஒரு செவப்பு தெரியுது. வேற எங்க உக்காந்தாலும் ஒரே இருட்டு. அதான் இங்கயே கெடக்கேன்."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். திறக்காத படங்கள், பழைய போன், வாயால சொல்லு என்றது எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் மோதின. பெரியவள் ஆனபிறகு அண்ணனிடம் அவள் அழுததில்லை. இப்போது மைதானத்தின் நடுவே, இல்லாத குளியலறையில் நின்று, விட்டு அழுதாள். பஸ் டிரைவரம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நீ விமானமே ஏறியிருக்க மாட்ட. அழாத, கேளு. போன மாசம் இதே சேதியைச் சொல்லியிருந்தா, போய் வேலையைப் பாருன்னு சொல்லியிருப்பேன். இருபத்தெட்டு வருஷம் வெயில்கிட்டேர்ந்து ஆளுங்களைக் காப்பாத்தினவன்ல நானு. இப்ப புரியுது. நிறுத்தச் சொல்லு. என் பேர்ல நிறுத்தச் சொல்லு. முதல் முங்கினா முங்கட்டும், சுவத்தைத் திருப்பாம ஒரு கல்லு வைக்கக் கூடாது."

போனை மீறி வெளியே கேட்ட அந்தக் குரல் காதில் விழுந்ததும் துபாசி, யாரும் சொல்லாமலே, கூட்டாளியின் காரை நோக்கி ஓடினார்.

"அந்தக் கோணல் மனை யாருக்காவது போச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

"அறுபத்தொண்ணா? யாரும் எடுக்கல."

"அதுல எனக்கு ஒரு நாற்காலி போடு."

"எங்கண்ணே?"

"கேக்கறா பாரு கேள்வி."

பஸ் டிரைவரம்மாவின் நாற்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, போனைக் காதோடு இடுக்கிக்கொண்டு, அவள் மைதானத்தின் மூலைக்கு நடந்தாள். தாழ்ந்த வெயிலில் அவளுடைய நிழல் பின்னால் நீண்டு வந்தது. வாசல் வழியாக நுழைந்தாள். ஹாலைத் தாண்டினாள். வடக்குக் கோட்டருகே நாற்காலியைப் போட்டாள். எதிரே கோடு முழுசாக, வெள்ளையாக, அழுக்குப் படாமல் ஓடியது. காலை எடுத்து அதன்மேல் வைத்தபோது பழக்க தோஷத்தில் அவள் உடம்பு ஒரு தரம் கூசியது. பிறகு தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்ன சத்தம்?"

"உங்களுக்கு ஜன்னல் வெக்கறேன்."

"எவ்வளவு அகலம்?"

டேப் இடுப்பில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"தெரியலண்ணே, அளக்கல."

அவர் அந்தப் பக்கம் மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"இன்னும் கொஞ்சம் அழி பாப்பா" என்றார்.

அவள் அழித்தாள்.